துரைசாணியிடம் தோற்ற சனிக்கிழமைகள்

மறதி வராமல் இருக்க வார்த்தை விளையாட்டு ஆடுங்கள் என்று உங்களுக்கும் டாக்டர் சொல்லியிருப்பார். நம் வயதில் எல்லா டாக்டர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், முட்டிவலிக்குப் போனால்கூட. போன லீவுக்கு வந்த என் மகன் போனில் ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். ஏழு ஆங்கில எழுத்து கொடுப்பார்கள். அவற்றை வைத்து வார்த்தை கட்ட வேண்டும். எதிரில் ஆடுவது ஆள் இல்லை, போனேதான். அதற்குக் களைப்பு கிடையாது, கண்ணெரிச்சல் கிடையாது, அடுப்பில் பால் வைத்த ஞாபகமும் கிடையாது. எனக்கு மூன்றும் உண்டு. அதனால் தினமும் தோற்கிறேன்.

இந்த ஆடி மழையில் ஒருநாள் அது கியூவையும் ஐயையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புள்ளிகளை அள்ளிக்கொண்டு போனது. கியூவுக்கு அடுத்து யூ இல்லாமல் ஒரு வார்த்தையா என்று எனக்கு ஆத்திரம். தேடிப் பார்த்தேன். உயிர்மூச்சுக்குச் சீனர்கள் சொல்லும் பெயராம். ‘சீ’ என்று உச்சரிக்க வேண்டுமாம். போன் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

உள்ளறையில் கம்பளிக்குள் கிடந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மாவுக்கு எண்பத்தொன்பது வயது. கண் பாதி போய்விட்டது, காது அப்படியே இருக்கிறது.

“அதெல்லாம் அப்ப ஒத்துக்க மாட்டாங்க. கியூ வந்தா யூ வேணும். இல்லீன்னா கையில வெச்சுட்டு முழிக்க வேண்டியதுதான்” என்றாள்.

‘அப்ப’ என்று அவள் சொன்னது எந்தக் காலத்தை என்று எனக்குத் தெரியும். ஐம்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு மழைக்காலம். அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை பேசிக்கொண்டதே இல்லை.

அப்போது நாங்கள் மஞ்சூருக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா ஃபாக்டரியில் டீமேக்கர். இலை எப்போது வாட வேண்டும், எப்போது அரைபட வேண்டும், எப்போது அடுப்புக்குள் போக வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. வீட்டுக்கு வரும்போது புருவத்தில் தூள் படிந்திருக்கும். சட்டையில் பச்சை இலை புளித்த வாசனை வரும். அந்த வாசனையை இப்போது எந்த டீயிலும் காணோம். காணாமல் போனது டீயில்தானா, என் மூக்கிலா என்று தெரியவில்லை.

அம்மா கோயமுத்தூர் மிஷன் ஸ்கூலில் பள்ளி இறுதி வரை படித்தவள். ஆபீஸிலிருந்து அப்பா கொண்டுவரும் முந்தாநாள் இங்கிலீஷ் பேப்பரை விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிப்பாள். தோட்டத்துச் சிப்பந்திகளின் குவார்ட்டர்ஸில் அப்படிப் படிக்கிற பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். அது பெருமையா, கேலியா என்பது சொல்கிற வாயைப் பொறுத்தது.

அந்த வருடம் ஆனி பிறந்ததுமே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் கணப்புச் சட்டியில் கரியைப் போட்டு, அதன் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல்தான் துணி காயும். பள்ளிக்கூடச் சட்டையில் புகை வாசனை இல்லாத பிள்ளை வகுப்பில் கிடையாது. இரண்டாவது வாரம் மலை சரிந்து, கிளப்புக்குப் போகிற ரோடு அடைபட்டது. எங்களுக்கு அதனால் ஒன்றுமில்லை, கிளப் எங்களுக்கானது இல்லை. துரை என்று நாங்கள் சொல்லும் மேனேஜரின் மனைவி, துரைசாணிக்குத்தான் கஷ்டம். சனிக்கிழமைதோறும் அவர் கிளப்புக்குப் போய் பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணியோடு எழுத்துக்கட்டை விளையாடுவார். குடகுப் பக்கத்துப் பெண்மணி. அவருடைய பிள்ளைகள் இருவரும் எங்கோ போர்டிங்கில் இருந்தார்கள். பங்களாவில் அவரும் ஒரு கிழட்டு நாயும் மழைச்சத்தமும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பங்களாச் சமையல்காரர் குடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“தொரச்சாணியம்மா நாளைக்கு மூணு மணிக்கு வரச்சொன்னாங்க. உங்களுக்கு இங்கிலீஷ் வருமாமே. வெளையாட ஆளில்லீங்களாமா.”

அன்று சாயங்காலம் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. “போறது போறே. ஜெயிச்சுப்போட்டு மட்டும் வந்துராதே” என்றார்.

“ஏனுங்க, எனக்கு அத்தனை கூடவா தெரியாது?” என்று அம்மா சிரித்தாள்.

நம்மில் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துரை பங்களாவுக்கு ஆடப் போனால் தோற்றுவிட்டு வருவதுதான் முறை. வருஷாந்திர விளையாட்டு விழாவில் துரை பந்து போட்டால் கணக்குப்பிள்ளைகள் வரிசையாக அவுட் ஆவார்கள். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறுவது போல அதுவும் ஒரு மரியாதை.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பின்வாசல் வழியாக உள்ளே போனோம். ஈர நாய் வாசனை, தரைக்குப் போடும் மெழுகு வாசனை, கணப்பு மாடத்தில் எரியும் தைலமரக் கட்டையின் வாசனை. மூன்றும் கலந்ததுதான் பணக்கார வாசனை என்று அன்று முடிவு செய்துகொண்டேன். எழுத்துக்கட்டைகள் பழைய பல்லின் நிறத்தில், தொட்டால் சில்லென்று இருந்தன. கயிறு கோத்த பச்சைத் துணிப்பைக்குள் கைவிட்டு ஏழு ஏழாக எடுத்துச் சின்ன மரப்பலகையில் நிறுத்த வேண்டும். கட்டிய வார்த்தையை நடுவில் விரித்த, கட்டம் போட்ட பெரிய பலகையில் வைக்க வேண்டும். நம் சின்னப் பலகையை எதிராளி பார்க்கக் கூடாது. சமையல்காரர் டீ கொண்டுவந்தால் ஆட்டம் முடிந்தது. கையில் மிச்சமிருக்கும் கட்டைகளைப் பைக்குள் கொட்டிவிட வேண்டும்.

முதல் சனிக்கிழமை அம்மா தோற்றாள். வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு என்னவோ பிடித்துக்கொண்டது. கல்யாணத்துக்கு வந்த டிக்ஷ்னரியை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தாள். ஃபாக்டரியில் கழித்துப் போட்ட, ஆள்வருகை எழுதும் பழைய செக்ரோல் தாள்களின் வெறும் பக்கங்களைச் சேர்த்துத் தைத்து ஒரு நோட்டு செய்தாள். கஷ்டமான எழுத்துகளுக்கு ஆளுக்கொரு பக்கம். கியூ ஒன்று, இசட் ஒன்று, எக்ஸ் ஒன்று, ஜே ஒன்று. வார்த்தையை இங்கிலீஷிலும் அர்த்தத்தைத் தமிழிலும் எழுதி, கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுப்பாள். குவே, படகுத்துறை (அதைக் ‘கீ’ என்று உச்சரிக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது). குவில், இறகுப் பேனா. குவாரி, கல்லுடைக்கும் இடம். குவினைன், காய்ச்சல் மாத்திரை. ஸிங்க், துத்தநாகம், அதற்குப் பக்கத்தில் ‘நம் கூரைத் தகரத்துப் பூச்சு’. ஹோக்ஸ், ஏமாற்று வேலை. வெக்ஸ் என்ற வார்த்தைக்கு ‘எரிச்சல் மூட்டு’ என்று எழுதிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. துணி காயும்வரை கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் எனக்கும் எல்லாம் மனப்பாடம். படகுத்துறை எப்படி இருக்கும் என்று இன்றுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் குவே என்றால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதினாறு என்று புள்ளி எண்ணத் தெரியும்.

இத்தனை படித்தவள் அடுத்த சனிக்கிழமையும் தோற்றாள். அதற்கடுத்ததும் தோற்றாள். ஒருநாள் அவள் பலகையை எட்டிப் பார்த்தேன். குவினைனுக்கு வேண்டிய ஏழு எழுத்தும் வரிசை மாறி நின்றுகொண்டிருந்தன. ஏழையும் ஒரே தடவையில் வைத்தால் தனியாக ஐம்பது புள்ளி. அம்மா அதிலிருந்து இரண்டே எழுத்தை எடுத்து ‘இன்’ என்று வைத்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீ வந்ததும் அம்மா யாரும் பார்க்கும் முன் மிச்சக் கட்டைகளைக் குப்புறப் பைக்குள் தள்ளினாள்.

“அவங்க ஊட்டுல போயி அவங்களையே தோக்கடிச்சா நல்லாவா இருக்கும்?” என்றாள் இறக்கத்தில் நடக்கும்போது.

இதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. குன்னூரில் ஒரு கான்வென்ட். மலைப் பள்ளிக்கூடங்களில் அப்போது பொங்கல் கழிந்துதான் வருஷம் தொடங்கும். அங்கே ஆறாம் வகுப்பில் சேர எனக்குத் துரை பங்களாவிலிருந்து ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளை அப்படித்தான் எடுப்பார்கள். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பள்ளிப் பிள்ளைகளை மெரூன் ஸ்வெட்டரில் ஒருமுறை பார்த்திருந்தேன். கைமுட்டியில் ஒட்டுப் போடாத ஸ்வெட்டர். அதற்காக ராத்திரி ஜெபத்தில் தனியாக ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது சனிக்கிழமை, தோற்று முடித்து டீயைக் குடிக்கும்போது, அம்மா மெல்லக் கடிதத்தைப் பற்றிக் கேட்டாள். துரைசாணி என்னைப் பார்த்தார்.

“பாப்பாவுக்கு இங்கிலீஷ் வருமா? சரி. அடுத்த வாரம் பாப்பா என்கூட ஆடட்டும். பார்க்கலாம்” என்றார். சமையற்கட்டில் பழகிய தமிழ் அவருடையது. ஆனால் குரல் மெத்தென்று இருக்கும்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. குவே, குவில், குவாரி. சனிக்கிழமை ஒரே குடையில் மேட்டை ஏறும்போது அம்மா சொன்னாள்:

“சின்ன வார்த்தையாவே வை கண்ணு. மூணு எழுத்துக்கு மேல போகாதே.”

“அப்பறம் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுக்குவாங்கல்ல?”

“தெரியும்னு காட்டிட்டுத்தான் வரணுமாக்கும்? அடக்கமா இருக்கற புள்ளைக்குத்தான் லெட்டர் தருவாங்க.”

அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். துரைசாணி கால்களின் மேல் ஒரு பூப்போட்ட மெத்தைப் போர்வை போர்த்தியிருந்தார். அதற்குப் பெயர் குவில்ட், எங்கள் நோட்டில் ஏழாவது வார்த்தை. இரண்டாவது முறை கட்டை எடுத்தபோது அந்த ஐந்து எழுத்தும் என் பலகைக்கு வந்துவிட்டன. பெரிய பலகையின் நடுவே இடமும் காலியாக இருந்தது. போர்வை கண்ணெதிரே இருந்தது. முதுகில் அம்மாவின் விரல் லேசாகப் பட்டது. நான் ‘இட்’ என்று வைத்தேன்.

“நல்லா யோசி பாப்பா. டைம் இருக்கு” என்றார் துரைசாணி. நான் தலையை ஆட்டினேன். அவர் ‘கேட்’ வைத்தார். நான் ‘அட்’ வைத்தேன். அவர் ரொம்ப நேரம் தன் பலகையைப் பார்த்துவிட்டு ‘டு’ வைத்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. டீ வந்தது. கியூவைக் கைக்குள் பொத்தி முதலில் பைக்குள் போட்டேன், அம்மா செய்வது போலவே. துரைசாணி என் தலையைத் தடவி இரண்டு பிஸ்கட் கொடுத்தார். நன்றாகத் தோற்றுவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தது.

புதன்கிழமை அப்பா ஃபாக்டரியிலிருந்து சீக்கிரம் வந்தார். முகத்தைக் கழுவாமலே உட்கார்ந்தார்.

“தொர கூப்புட்டுச் சொன்னாரு. பாப்பா அங்க போனா ரொம்பக் கஷ்டப்பட்டுப் போயிருமாம். தமிழ் ஸ்கூலே நல்லதாம். தொரச்சாணி ரொம்ப வருத்தப்பட்டுத்தான் சொன்னாங்களாம்.”

“லெட்டர்?”

“எழுதறது பாவம்னு நெனைக்கிறாங்களாம்.”

அம்மா “செரி” என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு எந்தச் சனிக்கிழமையும் அவள் பங்களாவுக்குப் போகவில்லை. சமையல்காரர் இரண்டு முறை குடையோடு வந்து, உடம்பு சரியில்லை என்ற பதிலோடு திரும்பிப் போனார். மழைக்காலம் முடியும்வரை கரியைப் பற்றவைக்க அம்மா அந்த நோட்டைக் கிழித்தாள். ஒரு நாளைக்கு ஒரு தாள். கியூ பக்கம் போன அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் ஊதிவிட்டேன்.

அப்புறம் நடந்தது உங்களில் பலருக்கும் நடந்ததுதான். மஞ்சூரில் படித்தேன், டைப் படித்தேன், ஒரு தோட்டத்து ஆபீஸில் முப்பத்துமூன்று வருடம் மற்றவர்களின் கடிதங்களைத் தட்டினேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் துரைசாணி மேல் எனக்கிருந்த கோபம் லேசில் போகவில்லை. தோற்றுக் கொடுத்தவர்களைத் தோற்றவர்களாகவே எடுத்துக்கொண்ட மனுஷி என்று வருடக்கணக்கில் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அப்பாவையும் திட்டியிருக்கிறேன், பயந்தாங்கொள்ளி என்று. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அதைத் திரும்ப வாங்க முடியாது.

மறு வருடம் துரைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றலானபோது, சாமான் கட்டும் மும்முரத்தில் துரைசாணி அந்த எழுத்துக்கட்டைப் பெட்டியை அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினார். அம்மா அதைத் திறக்கவே இல்லை. பழைய புடவையில் சுற்றி பீரோ மேல் வைத்தாள். மூன்று வீடு மாறியும் அது பீரோ மேலேயே இருந்தது. இந்த ஆடியில், ‘சீ’ என்று போன் என்னை ஏசிய மறுநாள், ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கினேன். முட்டி இரண்டு நாள் பேசியது.

பலகை இருந்தது. பச்சைப் பை இருந்தது, கயிறுதான் இற்றுப்போயிருந்தது. அடியில் புள்ளி எழுதும் அட்டை ஒன்று, எல்லாம் துரைசாணியின் கையெழுத்து. மேல் வரிகளில் கிளப்பில் ஆடியவை. அவர் பெயருக்குக் கீழே முந்நூறு, முந்நூற்றுப் பன்னிரண்டு. பிறகு எங்கள் மழைக்காலம். முதல் சனிக்கிழமை அவர் இருநூற்று எண்பத்தேழு, அம்மா நூற்றுத் தொண்ணூறு. அடுத்தது இருநூற்று நாற்பது, நூற்று எழுபத்தாறு. அப்புறம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு, நூற்று எழுபது. நான்காவது வாரம் நூற்று இருபத்தொன்று, நூற்றுப் பதினெட்டு. கடைசியில் நானும் அவரும் ஆடியது: எண்பத்துநான்கு, எழுபத்தொன்பது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். கிளப்பில் முந்நூறு எடுக்கிறவர் எங்களிடம் எண்பத்துநான்கு எடுத்திருக்கிறார். வாரத்துக்கு வாரம் அம்மா இறங்க இறங்க, அவரும் கூடவே இறங்கியிருக்கிறார். ‘கேட்’ என்று வைத்த கை, ரொம்ப நேரம் பலகையைப் பார்த்துவிட்டு ‘டு’ வைத்த கை. அவர் எங்களை ஜெயிக்கவைக்கப் பார்த்திருக்கிறார். எத்தனை இறங்கியும் எங்களால் ஜெயிக்க முடியவில்லை. விட்டுக்கொடுத்தும் ஜெயிக்கத் தெரியாத பிள்ளையைக் கான்வென்டுக்கு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. கட்டிலில் அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்து, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

அம்மா ஆச்சரியப்படவில்லை.

“மூணாவது வாரமே எனக்குத் தெரியும். எக்ஸை எடுத்து வெக்கப் போனாங்க. என்னைப் பாத்துட்டுத் திரும்ப வெச்சுட்டாங்க” என்றாள்.

“தெரிஞ்சுமா நீ தோத்தே?”

“பாவம் பாத்து விட்டுக்குடுக்கறாங்க கண்ணு. டீமேக்கர் பொண்டாட்டி ஒரு வாட்டி ஜெயிச்சுட்டுப் போகட்டும்னு. அந்த ஜெயிப்பை நான் வாங்கிக்கோணுமா? நீங்க எத்தனை எறங்கினாலும் நான் இன்னும் கீழே எறங்குவேன்னு எனக்கு ஒரு வீம்பு.”

“அப்பா பயந்தாரு, அதனாலதான்னு இத்தனை வருஷமா நெனச்சுட்டிருந்தேன்.”

“உங்கப்பா பயந்தாரு. நான் பயப்படல.”

“செரி, உன் வீம்பு உன்னோட இருக்கட்டும். என்னை ஏம்மா தோக்கச் சொன்னே?”

கேட்டிருக்க வேண்டாம். எண்பத்தொன்பது வயதில் ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கேட்டது பத்து வயதுப் பிள்ளை, என் வாய் வழியாகக் கேட்டுவிட்டது. அம்மா கம்பளி ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். தகரத்தில் மழை அடித்தது.

“உன்னை விட்டிருக்கோணும். நீ பெருசா வெச்சிருப்பே. எனக்குத் தெரியும், உன்ற கையில கியூ இருந்துச்சு. பின்னாலதானே நின்னேன். தப்புத்தான் கண்ணு. என்ற வீம்புக்கு உன்னையும் சேத்து எறக்கிப்போட்டேன்” என்றாள்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இந்த வயதில் கோபத்துக்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், அவ்வளவுதான். பிறகு அவளே, “கட்டையெல்லாம் இருக்குதா?” என்று கேட்டாள்.

எண்ணிப் பார்த்தோம். ஒன்றுதான் குறைந்தது, ஒரு ஆர். கட்டிலின் மேலேயே பெரிய பலகையை விரித்தோம். அம்மா கட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலால் தடவி, ஒவ்வொன்றாகச் சின்னப் பலகையில் நிறுத்தினாள். முதல் நான்கைந்து முறை இரண்டு எழுத்தும் மூன்று எழுத்துமாகத்தான் வைத்தாள், பழக்கதோஷம். பிறகு என்ன நினைத்தாளோ, பெரிய பலகையில் நான் விட்டிருந்த ஒரு ஏவைத் தடவிப் பார்த்து, அதன் முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாகக் கட்டைகளைச் சேர்த்தாள்.

“குவே. படகுத்துறை” என்றாள்.

வாழ்நாளில் அவள் பெரிய பலகையில் வைத்த முதல் கியூ அதுதான். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஹோக்ஸ் வைத்தாள், ஸிங்க் வைத்தாள். நான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். சாயங்கால டீக்கு நேரமாகும்போது அம்மா நாற்பத்தொரு புள்ளி முன்னால் இருந்தாள். துரைசாணியின் அட்டையில், எண்பத்துநான்குக்கும் எழுபத்தொன்பதுக்கும் கீழே எழுதிக்கொண்டேன்.

கட்டைகளைப் பைக்குள் கொட்டப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இரு. நீ எனக்கு விட்டுக்குடுக்கலியே?”

“இல்லம்மா. நெசமாலுமே தோத்துட்டேன்.”

அவள் நம்பவில்லை. என் பலகையைத் தன் பக்கம் திருப்பி, மிச்சமிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். ஐ, ஐ, வி, இன்னொரு ஐ. அவற்றை வைத்து யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

“செரி, கொட்டிக்கோ” என்றாள்.